வேகம் இருக்கட்டும், வயர் அறுந்தால் யார் வருவார்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, "எந்த இன்டர்நெட் கனெக்ஷன் போடலாம்?" என்பதுதான். திண்டுக்கல் டவுனில் குடியிருப்பவருக்குப் பதில் சொல்வது சுலபம். தெருவிலேயே மூன்று நான்கு கம்பெனிகளின் கேபிள் போகும். ஒன்று பிடிக்காவிட்டால் அடுத்த மாதம் இன்னொன்றுக்கு மாறிக் கொள்ளலாம். வடமதுரையைத் தாண்டி அய்யலூர் மலைப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருப்பவருக்கு அந்தப் பதில் உதவாது. அவருக்கு நான் சொல்வது ஒன்றுதான். விளம்பரத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இணைப்பு அறுந்தால் யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்து கொண்டேன். என் அக்கா வீடு மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அக்கா மகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கும் வேலை கிடைத்தது. "நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் நீதான்" என்று என்னைக் கேட்டார்கள். நானும் பெருமையாக 100 மெகாபிட் ஃபைபர் இணைப்பைச் சிபாரிசு செய்து, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டவும் வைத்தேன். மூன்று வாரம் பறந்தது. பிறகு வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று கம்பத்திலிருந்த கேபிளை இழுத்துக் கொண்டு போய்விட்டது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் புகார் எண் மட்டும் வந்தது. ஆள் வந்தது பதினோராம் நாள். அதுவரை அந்தப் பெண் தினமும் பஸ் ஏறித் திண்டுக்கல்லில் தோழி வீட்டுக்குப் போய் வேலை பார்த்தாள். புது வேலை, போய்விடுமோ என்று அக்கா தூங்கவில்லை. கம்பெனியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். எத்தனை மெகாபிட் என்று கேட்ட நான், யார் வந்து ஒட்டுவார்கள் என்று கேட்கவில்லை.

ஃபைபர் கேபிளை, பழைய டெலிபோன் வயரைப் போல முறுக்கி டேப் சுற்ற முடியாது. உள்ளே இருப்பது முடி போன்ற கண்ணாடி இழை. அதை ஒட்ட ஸ்ப்ளைசிங் மெஷின் வேண்டும், பழகிய கை வேண்டும். அந்த மெஷின் வடமதுரையில் இருக்கிறதா, திண்டுக்கல்லில் இருக்கிறதா, மதுரையில் இருக்கிறதா? பணம் கட்டும் முன் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. பி.எஸ்.என்.எல். ஃபைபர் பல கிராமங்களில் உள்ளூர் கேபிள் டிவிக்காரர் போன்றவர்கள் மூலமாகத்தான் வீடுகளுக்கு வருகிறது. எனவே கம்பெனிப் பெயரை மட்டும் பார்க்காமல் அந்த உள்ளூர்க்காரர் எப்படி என்று பக்கத்துத் தோட்டத்தில் விசாரியுங்கள்.

இது புதிய பிரச்சினையும் அல்ல. 2001-ல் பக்கத்து மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையில், கேபிளே இல்லாமல் கிராமத்து இன்டர்நெட் மையங்களுக்கு இணைப்பு கொடுத்தார்கள். வேகம் 35 அல்லது 70 கிலோபிட்தான். அதை வைத்தே கிராமத்தாரின் கண்ணை வெப்கேமில் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை கேட்டார்கள். ஆனாலும் சில வருடங்களில் பல மையங்கள் மூடப்பட்டன. பின்னால் ஆராய்ந்தவர்கள், கம்ப்யூட்டர் பயிற்சி பெற்ற ஆள் இருந்த மையங்களே கூடுதல் காலம் தாக்குப் பிடித்தன என்று கண்டார்கள். அன்றும் ஆள்தான் விஷயம்.

"எங்கள் ஊராட்சிக்கே ஃபைபர் வந்துவிட்டதே" என்பீர்கள். பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் வேலை டான்ஃபிநெட் எனப்படும் அரசு நிறுவனத்திடம் கொடுக்கப்பட்டது. கேபிளைப் பெரும்பாலும் மின்கம்பங்கள் மேலேயே கட்டிக் கொண்டு போனார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் ஊராட்சி அலுவலகம் வரை வந்த கேபிள் உங்கள் தோட்டம் வரை தானாக வராது. நடுவில் உள்ள தூரத்துக்கு யார் கேபிள் இழுப்பார், அதற்குத் தனிக் காசா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

கேபிள் வரவே வராது என்றால் 4ஜி அல்லது 5ஜி வயர்லெஸ் இணைப்புதான் வழி. டவர் தூரமாக இருந்தாலோ, நடுவில் மலை நின்றாலோ பணம் வீண். வாங்கும் முன் நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு கம்பெனி சிம்மும் உள்ள போன்களை அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிக் கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் அபவுட் போன், அதில் சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு தெரியும். மைனஸ் 85, மைனஸ் 90 என்றால் நல்லது. மைனஸ் 110-ஐத் தாண்டிவிட்டால் சிரமம். (எண் பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், இது மைனஸ் கணக்கு.) காலையில் மட்டும் பார்த்தால் போதாது. ஊரே வீடியோ பார்க்கும் இரவு ஒன்பது மணிக்கும் பாருங்கள். கீழே தேறாத சிக்னல் மாடியில் தேறினால், வெளியே பொருத்தும் ஆன்டெனா உள்ள ரவுட்டர் கைகொடுக்கும்.

சாட்டிலைட் இன்டர்நெட்டுக்காகக் காத்திருக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். பழைய வகை சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், பேசினால் பதில் வர அரை நொடிக்கு மேல் ஆகும். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுவதால் அந்தத் தாமதம் இல்லை. 2025 ஜூனில் அதற்கு மத்திய அரசின் உரிமம் கிடைத்தது. வேறு எதுவுமே எட்டாத வீட்டுக்கு அது சரி. மற்றவர்கள் அதற்காக இன்றைய வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம்.

வேகம் எவ்வளவுதான் வேண்டும்? ஒரு வீடியோ காலுக்கு மூன்று மெகாபிட் தாராளம். மூன்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 மெகாபிட் போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் ரவுட்டருக்கான சின்ன 12 வோல்ட் யு.பி.எஸ். ஒன்று வாங்குங்கள். ரவுட்டர் சுமார் 10 வாட்தான் எடுக்கும், கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும். கரண்ட் போனதற்கு இன்டர்நெட்காரரைத் திட்டும் வேலையும் மிச்சம்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள். ஒரு மழையையும் ஒரு பழுதையும் பார்த்த பிறகு தள்ளுபடியை யோசிக்கலாம். கேபிள் எந்தக் கம்பெனியோ, அது அல்லாத வேறு கம்பெனி சிம் ஒன்றையும் ரீசார்ஜ் செய்து வைத்துக் கொள்ளுங்கள். அன்று அக்கா வீட்டில் அது இருந்திருந்தால் அந்தப் பெண் பஸ் ஏறியிருக்க மாட்டாள்.

அக்கா இப்போது பக்கத்து ஊர் கேபிள்காரரிடம் 30 மெகாபிட் இணைப்பு வாங்கியிருக்கிறார். போன மாதம் மறுபடியும் கேபிள் அறுந்தது. போன் போட்டதும் அவரே எடுத்தார். "அக்கா, இன்னைக்கு வியாழக்கிழமை, அய்யலூர் சந்தையில நிக்கிறேன். ஆட்டை வித்துட்டு மத்தியானம் வந்துர்றேன்" என்றார். இரண்டரை மணிக்கு வந்துவிட்டார்.