வாடகைக்கு விட்டவர் பொறுப்பாளியா?

படூரில் சாலையோரக் கட்டிடத்தை உணவு விடுதிக்கு விடவிருக்கும் அங்கத்தினர் ஒருவர் என்னிடம் வினவினார்: "அங்கே உண்டவருக்கு வேர்க்கடலை ஒவ்வாமற் போனால், கட்டிடக்காரன் நானும் பதில் சொல்ல வேண்டுமா?"

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவுத் தொழில் நடத்துவோரையே பொறுப்பாக்குகிறது. உரிமமும் அவர் பெயரிலேயே பெறப்படுகிறது. வாடகை பெறுவதொன்றே பழிக்கு இடமாகாது என்பது என் கருத்து.

ஆயினும் 2023இல் அமெரிக்க நாட்டுப் புளோரிடாவில், டிஸ்னி நிறுவனத்தின் வணிக வளாகத்திலுள்ள விடுதியில் உண்ட மருத்துவர் ஒருவர் ஒவ்வாமையால் உயிர் நீத்தார். தான் இடம் விட்டதோடு சரி என்றது டிஸ்னி. ஒவ்வாமையுடையோருக்கேற்ற உணவு அங்குண்டு என அந்நிறுவனத்தின் இணையதளமே விளம்பரம் செய்ததை அவருடைய கணவர் வழக்கில் எடுத்துக்காட்டினார். அவர் வாதம் நியாயமென்றே கருதுகிறேன். வாக்களித்தவர் வாடகைச் சீட்டின் பின்னே ஒளியலாகாது.

நம் அங்கத்தினரோ விடுதியின் பெயர்ப் பலகையில் தம் பெயரையும் பொறிக்கச் சொல்லியிருக்கிறார்! அதை முதலில் நீக்கச் சொன்னேன்.