கண்மாய்க் கரையில் டயர் வண்டிக்கு என்ன வேலை?

சிவகாசியில் மருந்து கலக்கும் அறைக்குள் இரும்புக் கருவி கொண்டுபோகக் கூடாது. மரம் அல்லது பித்தளைதான். "இரும்பு மலிவாச்சே" என்று அங்கே பேரம் பேசினால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். வேலைக்கேற்ற கருவி என்பது உயிர்ப் பிரச்சினை என்று இவ்வளவு நன்றாகத் தெரிந்த விருதுநகர் மாவட்டத்தில், கண்மாய்க் கரையில் மண் வேலை என்றால் மட்டும் முதல் கேள்வி, "மணி வாடகை எவ்வளவு?" கடைசிக் கேள்வியும் அதுதான்!

மண் அள்ளுகிற எல்லா வண்டியும் ஊர் வாயில் 'ஜேசிபி'. உண்மையில் அது 1945ல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனியின் பெயர். 'பொக்லைன்' ஒரு பிரெஞ்சு கம்பெனி. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் டயர் வண்டியும் செயின் வண்டியும் ஒன்றல்ல.

டயர் வண்டி தானே ரோட்டில் ஓடி வரும், டிரெய்லர் வேண்டாம், வாடகையும் குறைவு. சமதளத்தில் லாரிக்கு மண் ஏற்ற அதைவிட நல்லது கிடையாது. மறுக்கவில்லை. ஆனால் கரைச் சரிவு?

டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம் ஏறக்குறைய அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம்தான். சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவுக்கு மேல். 20 டன் செயின் வண்டி கொடுப்பதோ அரை கிலோ அளவு. எடை அகலமான பட்டையில் பரவிவிடுகிறது. ஈரமான கரிசலில் எது புதையும் என்று சொல்லவும் வேண்டுமா? டயர் வண்டியின் முன் அச்சு நடுவில் ஒரு முளையில் ஆடும். அதனால் வண்டியைக் கவிழாமல் பிடிப்பது நான்கு மூலையல்ல, ஒரு முக்கோணம். நிறைந்த பக்கெட்டைத் தூக்கியபடி சரிவில் குறுக்கே திரும்பினால் கனம் அந்த முக்கோணத்துக்கு வெளியே போய்விடும். பிறகு ஓட்டுநரின் சாமர்த்தியம் உதவாது.

"டயர் ஏறினால் கரை இறுகும்" என்பார்கள். இறுகாது சார், தடம்தான் விழும். மண்ணை மெல்லிய அடுக்காகப் போட்டு, அளவாக நனைத்து, ரோலர் ஓட்டினால்தான் கரை இறுகும். தடத்தில் தேங்கும் தண்ணீர் அடுத்த மழையில் கரையை அறுக்கும்.

செயின் இருந்தால் எதிலும் ஏறலாம் என்பதும் மடத்தனம். 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து 6 பேர் சிக்கினார்கள், 4 பேர் இறந்தார்கள். புதைந்தவற்றில் செயின் வண்டிகளும் இருந்தன. சரிவே நிற்காத இடத்தில் எந்தச் சக்கரமும் காப்பாற்றாது. முதலில் சரிவைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் வண்டி.

2017ல் குடிமராமத்து வந்தது. 2024ல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் தாசில்தார் அனுமதியோடு கரம்பையை இலவசமாக அள்ள வழி வந்தது. மண் அள்ளும் வேலை கூடத்தான் போகிறது. சமமான உள்வாயில் டயர் வண்டி தாராளமாக ஓடட்டும். கரைச் சரிவுக்குச் செயின் வண்டி என்று வேலை உத்தரவிலேயே எழுதினால் என்ன?

மணிக்குச் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர் கரைமேல் குடை பிடித்து நிற்கிறார். சரிவில் சீட்டில் உட்கார்ந்திருப்பவர் வேறு ஒருவர். வாடகையை முடிவு செய்கிறவரே அந்தச் சீட்டில் ஒரு மணி நேரம் உட்காரட்டும். அதன் பிறகு பேசலாம், எது மலிவு என்று!