பெட்டி மரமா? முதலில் முத்திரையைப் பாருங்கள்!

கள்ளிப் பெட்டி இல்லாத வீடு ஒரு காலத்தில் நம் பக்கத்தில் அபூர்வம். மளிகைக் கடையில் தேயிலை வந்து இறங்கிய பெட்டி காலியானதும் புத்தக அலமாரியாகும், கோழிக் கூடாகும், துணிமணி வைக்கும் பெட்டியாகும். என் அம்மா தையல் சாமான்கள் வைத்திருந்ததும் ஒரு டீ பெட்டியில்தான். இப்போது தேயிலை காகிதச் சாக்கில் வருகிறது. அந்தப் பெட்டிகள் போய்விட்டன. ஆனால் பெட்டி மரம் வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது, சகோதரிகளே!

வெளிநாட்டிலிருந்து இயந்திரங்களும் கார் பாகங்களும் கப்பலில் வரும்போது மரப் பெட்டியில் அடைத்தோ, 'பாலட்' எனும் மரத் தட்டின் மேல் கட்டியோ அனுப்புகிறார்கள். சாமான் இறங்கியதும் மரம் மிச்சம். அது பழைய மரக் கடைக்கு வந்து சேர்கிறது. பெரும்பாலும் பைன் மரம். பலாவும் தேக்கும் பார்த்துப் பழகிய திருநாவலூர்க்காரியான எனக்கு, 'இது என்ன, தக்கை மாதிரி!' என்றுதான் இருந்தது. ஆனால் லேசான மரம், இழைத்தால் அழகான ரேகை, பெண்கள் கையாலும் அறுக்கலாம். 1934-லேயே ஹாலந்து நாட்டு ரீட்வெல்ட் என்ற கட்டடக் கலைஞர் பெட்டிப் பலகையிலேயே நாற்காலி அமைத்துப் பெயர் வாங்கினார் என்றால் பாருங்களேன்!

சிக்கனம் நல்லதுதான். ஆனால் குழந்தை புழங்கும் சாமானுக்கு வாங்குமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குக் கட்டில் செய்ய இப்படி ஒரு பாலட் வாங்கி வந்தாள். "அக்கா, இதுல ஏதோ முத்திரை குத்தியிருக்கே, கம்பெனி பேரா?" என்று கேட்டாள். கம்பெனி பெயரில்லை. அந்த மரத்துக்கு என்ன வைத்தியம் நடந்தது என்று சொல்லும் சீட்டு அது!

மரத்துக்குள் ஒளிந்து வரும் பூச்சி, போகும் நாட்டு மரங்களையே அழித்துவிடும். சீனாவிலிருந்து போன பெட்டிகளோடு புகுந்த ஒரு வகை வண்டு 1996-இல் நியூயார்க்கில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தடுக்க எத்தனையோ மரங்களை வெட்டினார்கள். 2002-இல் உலக நாடுகள் கூடி ஒரு விதி செய்தன: நாடு விட்டு நாடு போகும் பெட்டி மரத்தைப் பூச்சி நீக்கி முத்திரை குத்த வேண்டும். முத்திரையில் இடது பக்கம் கோதுமைக் கதிர் போல ஒரு படம் இருக்கும். வலது பக்கம் நாட்டின் இரண்டு எழுத்து, ஒரு எண், அப்புறம் சிகிச்சையின் குறி.

ஆங்கிலத்தில் 'எச்.டி.' என்றிருந்தால் வெறும் சூடுதான். மரத்தின் நடுப்பாகம் வரை 56 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் 30 நிமிஷம் வைத்திருக்கிறார்கள். மருந்து கிடையாது. 'எம்.பி.' என்றிருந்தால் மீதைல் புரோமைடு என்ற நச்சு வாயுவில் வைத்தது. காற்றாட வைத்தால் வாயு போய்விடும் என்பார்கள். ஆனாலும் பிள்ளை வாயால் கடிக்கும் கட்டிலுக்கும், சமையலறைக்கும் நமக்கு அது எதற்கு? ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் இதை நிறுத்திவிட்டது. எல்லா நாடும் நிறுத்தவில்லை. அந்தப் பெண் வாங்கி வந்ததில் இருந்தது 'எம்.பி.'தான். அது இப்போது வாசலில் பூந்தொட்டி தாங்குகிறது. பிள்ளைக்கு வேறு மரம் வந்தது.

பலகையைப் பிரித்துவிட்டால் முத்திரை எந்தத் துண்டில் போனதோ தெரியாது. ஆகவே முழுசாக இருக்கும்போதே பார்த்து வாங்குங்கள். உள்நாட்டுப் பெட்டிகளுக்கு முத்திரை கட்டாயமில்லை. அவற்றைக் கண்ணாலும் மூக்காலும்தான் சோதிக்க வேண்டும். எண்ணெய்க் கறை, மருந்து வாடை, பூஞ்சைக் கறுப்பு, பழைய வர்ணம் — இவை உள்ளது எந்த முத்திரையோடு இருந்தாலும் வேண்டாம். பொடிப் பொடியாக மாவு உதிர்ந்தால் உள்ளே வண்டு வேலை செய்கிறது.

நல்ல மரம் கிடைத்ததா? தரையில் உட்கார்ந்து எழுதப் பிள்ளைக்கு ஒரு மேசை செய்யலாம். நெம்பிப் பிரித்தால் பைன் பிளந்துவிடும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடை விட்டு ஆணியையே அறுத்து விடுங்கள். 4 அங்குல அகலப் பலகை நாலை 2 அடி நீளத்துக்கு அறுத்துச் சேர்த்தால் மேல்தட்டு. அடியில் குறுக்கே இரண்டு ரீப்பர். இரு பக்கமும் 11 அங்குல உயரத்துக்குப் பலகை நிறுத்தி, இரண்டையும் இணைக்கப் பின்னால் ஒரு பலகை. முதலில் துளை போட்டுவிட்டுத் திருகாணியை முடுக்கினால் மரம் வெடிக்காது. உப்புத்தாள் 80-ஆம் நம்பர், பிறகு 120. மூலைகளை நன்றாக மழுக்குங்கள். இழைக்கும்போது முற்றத்தில் உட்கார்ந்து, மூக்கில் துணி கட்டிக் கொள்ளுங்கள். பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். கடைசியில் அரக்கு பாலிஷ் பூசி நன்றாகக் காய விடுங்கள்.

உயரமான அலமாரி செய்தால் சுவரோடு திருகாணி போட்டு இறுக்கியே தீர வேண்டும். பிள்ளைகள் அதில் ஏணி போல ஏறுவார்கள். மரம் லேசு என்பதால் சட்டென்று சாய்ந்துவிடும்.

இன்னொன்று. மிச்சத் துண்டுகளைப் பார்த்ததும் நமக்கு வெந்நீர் அடுப்பு நினைவுதான் வரும். 'எம்.பி.' முத்திரை உள்ளதையும், வர்ணம் பட்டதையும், முத்திரை தெரியாததையும் அடுப்பில் வைக்காதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது அடுப்பருகே நிற்கும் நாமும், நம் முந்தானையைப் பிடித்து நிற்கும் பிள்ளையும்தான்!