ஏறினால் வசூல், இறங்கினால் மௌனம்

மலாக்காத் தோட்டப்புறங்களில் நம்மவர்கள் பலருக்கு விமானப் பயணம் என்றால் இன்னமும் திருச்சிதான். ஜாசின், மெர்லிமாவ், ஆலோர் காஜா பக்கம் கேட்டுப் பாருங்கள். பழனிக்கு நேர்த்திக்கடன், பாட்டி பிறந்த ஊரைப் பார்க்கும் ஆசை, கல்யாணச் சேலை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அதற்காகக் கூட்டுக் கட்டிப் பணம் சேர்ப்பார்கள்.

கடந்த ஆண்டு எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு ஞாயிறு மாலை, பட்டணத்து முகவரிடம் அப்பா நான்கு பேருக்கு டிக்கெட் எடுத்தார். தலைக்கு 890 வெள்ளி. அன்று நள்ளிரவே மலிவு விற்பனை தொடங்கி, அதே நாள், அதே விமானம், 640 வெள்ளியாகிவிட்டது. நான்கு பேருக்கு ஆயிரம் வெள்ளி வித்தியாசம்! நாட்டின் குறைந்தபட்சச் சம்பளமே 2025 பிப்ரவரியில்தான் 1,700 வெள்ளியானது. திங்கள் காலை கடை திறந்ததும் அப்பா போய்க் கேட்டார். "டிக்கெட் போட்டாச்சுண்ணே, ஒன்னும் செய்ய முடியாது" என்று பதில் வந்தது.

இதைச் சொன்னபோது விடுதி நண்பர் ஒருவர் மடக்கினார்: "விலை ஏறியிருந்தால் மிச்சத்தைக் கொண்டுபோய்க் கட்டியிருப்பீர்களா?" நியாயமான கேள்விதான். பசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் மீன் விலை இறங்கினால், முன்பே வாங்கியவர் திரும்பிப் போய்ச் சண்டை போடுவதில்லை. விமான இருக்கைகளும் பல விலைப் படிகளாகப் பிரித்து விற்கப்படுபவை. விற்பனை மந்தமானால் கீழ்ப்படியை மறுபடி திறந்துவிடுவார்கள். அது வியாபாரம்.

ஆனால், வாங்கிய டிக்கெட்டின் தேதியை மாற்றிப் பாருங்கள். புதிய நாளின் விலை அதிகமென்றால் மாற்றக் கட்டணத்தோடு வித்தியாசத்தையும் வசூலிக்கிறார்கள். குறைவென்றால், மலிவு டிக்கெட்டுகளில் பெரும்பாலும் ஒரு காசு திரும்பாது. மீன்காரர் இப்படிச் செய்வாரா?

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருந்தால், விமான நிறுவனம் பணம் வாங்காமல் 24 மணி நேரம் அந்த விலையை நிறுத்திவைக்க வேண்டும், அல்லது அதற்குள் ரத்து செய்தால் முழுப் பணத்தையும் தர வேண்டும். 2012 முதல் இதுதான் விதி. 2019-இல் இந்திய அரசு வெளியிட்ட பயணிகள் சாசனமும் 24 மணி நேர இலவச ரத்தைச் சேர்த்துக்கொண்டது. நம் நாட்டில் 2016-இல் வந்த விமானப் பயணிகள் பாதுகாப்பு விதித்தொகுப்பில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. ஐந்து மணி நேரத் தாமதத்துக்குப் பணத்தைத் திருப்பித் தரும் விதி 2024 செப்டம்பரில் சேர்க்கப்பட்டது. ஆக, திருத்த முடியாத நூல் அல்ல அது.

தோட்டத்துக்கு இந்த ஒரு நாள் அவகாசம் பெரிது. எங்கள் பெற்றோர் டிக்கெட்டைப் பட்டணத்தில் எடுக்கிறார்கள். அதில் உள்ள ஆங்கில விதிகளைப் படிக்கும் பிள்ளை எங்கோ பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறது. இரவு தொலைபேசியில் பேசும்போதுதான் விஷயமே தெரிய வருகிறது. மாவ்கோமின் பொறுப்புகள் 2025 ஆகஸ்டு முதல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் வந்துவிட்டன. நம் கழகமே அதற்கு ஒரு மகஜர் எழுதலாமே! கவியரங்கத்துக்கும் கலை இரவுக்கும் எத்தனை கடிதம் எழுதுகிறோம்.

இருக்கிற உரிமையே பலருக்குத் தெரியாது என்பது வேறு கதை. 'பணம் திரும்பாது' என்று அச்சிட்ட டிக்கெட்டாக இருந்தாலும், பயணம் போகாவிட்டால் அதில் அடங்கிய விமான நிலைய வரியைக் கேட்டு வாங்கலாம். கே.எல்.ஐ.ஏ. இரண்டாம் முனையத்திலிருந்து ஆசியானுக்கு வெளியே செல்வோருக்கு 2024 ஜூன் முதல் அது 50 வெள்ளி. எங்கள் தோட்டத்தில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம், வீட்டில் துக்கம் நேர்ந்ததால் சென்ற ஆண்டு கிளம்பாமல் நின்றுவிட்டது. வரியைக் கேட்டு எழுதித் தர அவர்களுக்கு ஆளில்லை. 250 வெள்ளி.