அமெரிக்க வாக்காளரின் மனமும் கருத்துக்கணிப்பும்

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் கருத்துக்கணிப்புப் புள்ளிவிபரங்கள் உலகெங்கும் செய்திகளை நிரப்புவதும், முடிவு வேறுவிதமாக அமைந்தவுடன் கணிப்பாளர்கள் எள்ளி நகையாடப்படுவதும் வழமையாகிவிட்டது. 2016, 2020, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் டொனால்ட் ட்ரம்புக்கு இருந்த ஆதரவைக் கணிப்புகள் குறைத்தே மதிப்பிட்டன. இவற்றுள் பெரிய பிழை, பலரும் எண்ணுவதுபோன்று 2016 இல் நிகழவில்லை. ஜோ பைடன் வெற்றி பெற்ற 2020 இலேயே நிகழ்ந்தது. வெற்றியாளரைச் சரியாகக் கூறிவிட்டமையால் அப்பிழை அவ்வளவாக எவர் கண்ணிலும் படவில்லை. யார் வெல்வார் என்ற ஒரேயொரு கேள்வியைக் கொண்டே கணிப்புகளை எடைபோடும் பழக்கம் எத்தகைய மயக்கத்தைத் தருகின்றது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

ஆரூடம் கூறுவதை நோக்கமாகக் கொள்ளாத கணிப்பொன்றும் அந்நாட்டில் நீண்டகாலமாக நடைபெற்று வருகின்றது. அதனை இங்கு நோக்குவது பயனுடையது எனக் கருதுகின்றோம்.

1948 இல் ஹரி ட்ரூமன் தோல்வியடைவார் என்றே பிரபல கணிப்பு நிறுவனங்கள் அனைத்தும் அறுதியிட்டுக் கூறியிருந்தன. அவர் வென்றார். அதே ஆண்டில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 662 பேரை மட்டும் நேரில் சந்தித்து, எவ்வாறு வாக்களித்தனர், ஏன் அவ்வாறு வாக்களித்தனர் என்று விசாரித்திருந்தனர். அந்தச் சிறு முயற்சியிலிருந்து வளர்ந்ததே அமெரிக்க தேசியத் தேர்தல் ஆய்வு. தேர்தலுக்கு முன்னரும் பின்னரும் அதே நபர்களைச் சந்திப்பது அதன் வழிமுறை. 1977 முதல் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் இதற்கு நிதி வழங்கி வந்துள்ளது. பின்னாளில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் இணைந்துகொண்டது. திரட்டப்படும் தரவுகளை உலகில் எவரும் இலவசமாகப் பெற்றுக்கொள்ளலாம்.

இவ்வாய்வின் முதற் பெரும் விளைச்சலாக 1960 இல் வெளிவந்த 'அமெரிக்க வாக்காளர்' என்ற நூல், ஜனநாயகம் குறித்து நிலவிய உயர்வான கற்பனைகள் பலவற்றைக் கலைத்தது. 1956 தேர்தலில் தாராளவாதம், பழைமைவாதம் என்ற கொள்கை அடிப்படையில் சிந்தித்தோர் எட்டில் ஒருவருக்கும் குறைவு என்று அது காட்டியது. 42 சதவீதத்தினர் தமது சமூகப் பிரிவினருக்கு எக்கட்சி நன்மை செய்யும் என்றே பார்த்தனர். காலம் நன்றாக இருக்கிறதா, கெட்டிருக்கிறதா என்பதைக் கொண்டே பலர் முடிவெடுத்தனர். ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோரின் பேச்சில் பொது விவகாரம் எதுவுமே இருக்கவில்லை. கட்சிப் பற்றோ, மதத்தைப் போன்று பெரும்பாலும் பெற்றோர் வழியாக வருவது. இவற்றை வாசித்து அமெரிக்கரை ஏளனம் செய்வோர், இதே கேள்விகளைத் தமது சுற்றத்தாரிடம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரே கேள்வியை, ஒரே சொற்களில், தசாப்தக் கணக்காகக் கேட்டு வந்தமையே இவ்வாய்வின் உண்மையான பலம் எனலாம். வாஷிங்டன் அரசாங்கம் பெரும்பாலும் சரியானதையே செய்யும் என நம்புகிறீர்களா என்று 1958 இல் முதன்முதலாகக் கேட்டபோது 73 சதவீதத்தினர் ஆம் என்றனர். 1964 இல் அது 77 ஆக இருந்தது. வியட்நாம் யுத்தமும் வோட்டர்கேட் ஊழலும் அதனைச் சரித்தன. அண்மைய ஆண்டுகளில் வேறு நிறுவனங்கள் இக்கேள்வியைக் கேட்கும்போது ஆம் என்போர் ஐந்தில் ஒருவர் அளவிலேயே உள்ளனர். எதிர்க்கட்சி மீதான உணர்வைப் பூச்சியத்திலிருந்து நூறு பாகை வரையான 'வெப்பமானி' ஒன்றில் குறிக்குமாறும் ஆய்வாளர்கள் கேட்பதுண்டு. 1970 களில் சராசரி 48 பாகை அளவில் இருந்தது. 2020 இல் அது ஏறத்தாழ 20 பாகைக்குக் குளிர்ந்துபோனது. சொந்தக் கட்சி மீதான அன்பு அதற்கேற்ப வளரவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. வெறுப்பே வாக்களிக்கத் தூண்டும் விசையாகி வருகின்றது.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. அரசையும் பத்திரிகையையும் பல்கலைக்கழகத்தையும் நம்பாத மனிதர், கணிப்பாளரை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? பியூ ஆய்வு மையத்தின் தொலைபேசிக் கணிப்புகளுக்கு 1997 இல் 36 சதவீதமானோர் பதிலளித்தனர். 2018 இல் அது 6 சதவீதமாகியது. மறுப்போரும் பதிலளிப்போரும் ஒரே மாதிரியானவர்களாயின் பாதகமில்லை. அவ்வாறில்லை என்பதை 1936 ஆம் ஆண்டே உணர்த்தியது. லிட்டரரி டைஜஸ்ட் சஞ்சிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டைகளை அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் அதிகமான பதில்களைப் பெற்று, அல்ஃப்ரட் லாண்டனே வெல்வார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 ஐக் கைப்பற்றினார். 2016 இல் பட்டதாரிகள் அதிகமாகப் பதிலளித்தமையும், பல மாநிலக் கணிப்புகள் அதனைச் சீர்செய்யாமல் விட்டமையும் அதே பாடத்தின் மறுபதிப்பே. கல்வியைச் சீர்செய்துவிடலாம். நம்பிக்கையின்மையைச் சீர்செய்ய எந்தக் கணக்கியல் உத்தி உண்டு?

சிறுபான்மையினர் விடயத்தில் குறை இன்னும் ஆழமானது. முஸ்லிம்கள் அமெரிக்க சனத்தொகையில் ஏறத்தாழ ஒரு சதவீதத்தினர். ஆயிரம் பேரைக் கொண்ட தேசியக் கணிப்பில் அவர்கள் பத்துப் பேர். அப்பத்துப் பேரைக் கொண்டு எதனையும் கூற முடியாது. 2007 இல் பியூ மையம் முஸ்லிம்கள் குறித்த முதலாவது நாடு தழுவிய ஆய்வை மேற்கொண்டபோது, 1,050 பேரைக் கண்டறிவதற்கு 50,000 க்கும் மேற்பட்டோரைத் தொடர்புகொள்ள நேர்ந்தது. ஆங்கிலத்துடன் அரபு, உருது, பாரசீக மொழிகளிலும் கேட்க வேண்டியிருந்தது. அத்தகைய செலவை ஒவ்வொரு தேர்தலுக்கும் எவர் ஏற்பார்?

2024 இல், காஸா யுத்தத்தின் நிழலில், மிச்சிகன் மாநிலத்தின் டியர்போர்ன் நகரில் நிகழ்ந்ததை இதனுடன் வைத்து நோக்க வேண்டும். அரபு வம்சாவளியினர் பெரும்பான்மையாக வாழும் அந்நகரம் 2020 இல் பைடனுக்குப் பெருவாரியாக வாக்களித்தது. நான்காண்டுகளின் பின்னர் ட்ரம்ப் 42 சதவீதமும், கமலா ஹரிஸ் 36 சதவீதமும், பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் 18 சதவீதமும் பெற்றனர். இவை கணிப்புகள் தந்த எண்களல்ல, வாக்குப்பெட்டி தந்தவை. ட்ரம்பை விரும்பி அவருக்கு வாக்களித்தோர் எத்தனை பேர், ஹரிஸைத் தண்டிக்கவென்றே வாக்களித்தோர் எத்தனை பேர், வாக்களிக்காமல் வீட்டில் இருந்தோர் எதை எண்ணி இருந்தனர் என்பவற்றை வாக்குப்பெட்டி கூறாது. அதனைக் கேட்டறியவே தேர்தல் ஆய்வு என்ற ஒன்று தோன்றியது. அது தோன்றிய ஆன் ஆர்பர் நகரிலிருந்து டியர்போர்னுக்கு வாகனத்தில் ஒரு மணித்தியாலப் பயணங்கூட இல்லை.