அதிகாரிகளின் பதில் மக்களுக்கும் தெரியட்டும்



சட்டமன்றக் கேள்வி நேரத்தில் பதில் சொல்பவர் அமைச்சர். கோப்பைக் கையாண்ட அதிகாரியையே உறுப்பினர்கள் விசாரிக்க முடிவது பொதுக் கணக்குக் குழு, உறுதிமொழிக் குழு போன்றவற்றில்தான். அந்த விசாரணை மூடிய அறைக்குள் நடப்பது சரியல்ல. உதாரணமாக, 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது; அடையாற்றங்கரை மூழ்கியது. அதை மனிதத் தவறால் நேர்ந்த பேரிடர் என்று சொன்ன தணிக்கை அறிக்கை 2018 ஜூலையில்தான் பேரவைக்கு வந்தது. அத்தகைய அறிக்கையை முன்வைத்துத் துறைச் செயலாளரைக் கேள்வி கேட்பது பொதுக் கணக்குக் குழுவின் வேலை. நீர்வரத்து எவ்வளவு, எத்தனை மணிக்கு யார் உத்தரவிட்டார், கரையோர மக்களை யார் எச்சரித்தார் என்பதற்கெல்லாம் அதிகாரிகள் தரும் பதில், ஏரிக்குப் பக்கத்திலேயே வாழும் பூந்தமல்லி மக்களுக்குத் தெரிய வேண்டாமா?

வெளிப்படையாக விசாரித்தால் அதிகாரிகள் மனம் திறந்து பேசமாட்டார்கள், உறுப்பினர்கள் கட்சி அரசியல் செய்வார்கள் என்பார்கள். இரண்டாவது அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் பிரிட்டன் காமன்ஸ் சபைக் குழுக்கள் அதிகாரிகளைப் பெரும்பாலும் பொதுவில்தான் விசாரிக்கின்றன, சாட்சியத்தையும் வெளியிடுகின்றன. அதனால் அங்கே நிர்வாகம் முடங்கிவிடவில்லை. நேரலை வேண்டாம் என்றால், வழக்கு நிலுவையில் உள்ள விவரங்களை நீக்கிவிட்டு, கேள்வி பதில் முழுவதையும் ஒரு மாதத்துக்குள் பேரவை இணையதளத்தில் தமிழில் வெளியிடலாம். மாவட்ட ஆய்வுக்கு வரும் குழுக்களுக்கும் இதே விதி வேண்டும். பேரவைத் தலைவர் இதற்கு உத்தரவிட வேண்டும்.

ஒரு வாசகர்,
பூந்தமல்லி