கட்டணப் பற்றுச்சீட்டும் அடகுச் சீட்டும்

கண்டியில் கிறிஸ்தவக் கல்லூரி என்று சொல்லப்படுபவற்றில் பல உண்மையில் பாடசாலைகள். திருச்சபை மிஷன் சங்கத்தார் 1872இல் தொடங்கிய திரித்துவக் கல்லூரியும் 1890இல் தொடங்கிய ஹில்வூட் கல்லூரியும் இன்றும் கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகள். 1854இல் பிறந்த கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியும், 1891இல் எல். ஈ. பிளேஸ் தொடங்கிய கிங்ஸ்வூட்டும் அரசாங்கப் பாடசாலைகள். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவி பெறும் பாடசாலைகளைக் கையேற்றதிலிருந்து வந்த பிளவு இது.

பாடசாலைக் கட்டணத்தையும் பிற்காலச் சம்பளத்தையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் போதிய இசட் புள்ளி பெற்றவர், கட்டணம் கட்டிப் படித்தவரானாலும் இலவசமாகப் படித்தவரானாலும், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அதே விரிவுரை மண்டபத்தில் கல்விக் கட்டணமின்றி அமர்கிறார். அதன்பின் கிடைக்கும் சம்பளத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பட்டமும் துறையுமே.

உண்மையான ஒப்பீடு தேவைப்படுவது பட்டப்படிப்புக்கு. கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற விரும்புவோருக்குப் பழகிய வழி தமிழ்நாடு. 1837இல் தொடங்கிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் இலங்கையர் தலைமுறை தலைமுறையாகப் படித்திருக்கின்றனர். அத்தகைய பழைய கல்லூரிகளில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. கட்டணம் மட்டும் வேறு. ஆகவே கல்லூரியின் பெயரைக் கேட்டு விலை சொல்ல முடியாது, பிரிவையும் கேட்க வேண்டும்.

பட்டத்துக்குப் பின்வரும் வருமானத்தை அறிய, இந்தியாவின் தேசியத் தரவரிசைக்காகக் கல்லூரிகள் அளிக்கும் இடைநிலைச் சம்பளம் கிடைக்கிறது. அது வேலை கிடைத்தவர்களின் சம்பளம் மட்டுமே. கிடைக்காதவர் கணக்கில் இல்லை, தரவைக் கொடுப்பதும் கல்லூரியே. அமெரிக்காவின் கல்லூரி மதிப்பீட்டுப் பட்டியலிலும் இதுபோன்ற ஓட்டை உண்டு. மத்திய அரசின் உதவி பெற்ற மாணவரின் வருமானத்தையே அது கணக்கிடுவதால், அவ்வுதவியை மறுக்கும் குரோவ் சிட்டி போன்ற கிறிஸ்தவக் கல்லூரிகளுக்கு அங்கே எண்ணே கிடையாது.

கடன்தான் மிகவும் மறைந்து கிடக்கும் பகுதி. 2017இல் இலங்கை அரசு தொடங்கிய வட்டியற்ற மாணவர் கடன் உள்நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட அரசு சாரா நிறுவனங்களுக்கே பொருந்தும். கடல் கடந்து போகிறவருக்கு உதவாது. அவர்களின் கடன் தாயின் கழுத்திலிருந்து தொடங்குகிறது. அடகு வைத்த சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டிக் கட்டிச் சீட்டைப் புதுப்பிப்பார்கள்; பட்டமளிப்பு முடிந்தும் சங்கிலி வீடு திரும்பியிருக்காது. இது எந்தப் புள்ளிவிபரத்திலும் ஏறாது. “வங்கிக் கடன் உண்டா?” என்று கேட்கும் ஆலோசகருக்கு “இல்லை” என்றே பதில் வரும். “நகை வீட்டில் இருக்கிறதா?” என்று கேட்டால்தான் கணக்கு முழுமையாகும்.

நாணய மாற்றையும் இதோடு சேர்க்க வேண்டும். 2022 தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்று இலங்கை ரூபாய் கூட ஆகவில்லை. சில மாதங்களில் நாலரையைத் தாண்டியது. கல்லூரி ஒரு சதமும் உயர்த்தாமலே, படிப்பின் இடையில் இருந்த மாணவரின் செலவு ஒன்றரை மடங்குக்கும் மேலானது. மூன்றாண்டுப் படிப்புக்கு முதலாண்டுக் கட்டணத்தை மூன்றால் பெருக்கிச் சொல்வது பெற்றோரை ஏமாற்றுவதாகும்.

கண்டியைச் சுற்றியுள்ள இறையியல் நிறுவனங்களின் நிலை வேறு. 1893இல் அம்பிட்டியில் தொடங்கிய பாப்பரசர் குருமடம் 1955இல் புனேக்கு மாறியபின், அவ்விடத்தில் தேசிய குருமடம் நடக்கிறது. பிலிமத்தலாவையில் 1963இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்டிஸ்ட் சபைகள் கூட்டாகத் தொடங்கிய இறையியல் கல்லூரி உண்டு. பணிக்கு அனுப்பப்படுவோரின் செலவைப் பெரும்பாலும் சபையே ஏற்கிறது. பின்னர் கிடைப்பது ஊழியத்துக்கான சிறு படி. சம்பள வரிசையில் இட்டால் இவை கடைசியில்தான் நிற்கும். ஒப்பீட்டு அட்டவணை தயாரிப்போர் இவற்றை அதில் சேர்க்காமல், செலவை யார் ஏற்கிறார் என்பதை மட்டும் தனியே குறிப்பதே முறை.